‘நெட் இல்லை’ என்று சொல்லும் சின்ன உருண்டை

எங்கள் தொழிலில் நோயாளி வாயைத் திறப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் எல்லா வலியையும் சொல்வார்.

நான் ஈப்போவில் இருந்துகொண்டு வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள். கதவைத் திறக்கிறவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்துவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். "டெக்னீசியன் எங்கம்மா, கார்லயா?" என்பார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். திரையின் கீழ் மூலையில், மணி காட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம் இருக்கிறதே, அது. நெட் லைன் இருந்தால் விசிறி மாதிரி இருக்கும். இல்லையென்றால் உலக உருண்டை. ஆனால் லைன் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும்போதே சில நாள் அந்த உருண்டை வந்து உட்கார்ந்துகொண்டு, 'நெட் இல்லை' என்று சாதிக்கும். நீங்களும் பட்டிருப்பீர்கள். மோடத்தைப் பிடுங்கி மாட்டியிருப்பீர்கள், வீட்டில் இருக்கிறவர்களைத் திட்டியிருப்பீர்கள், கடைசியில் என்னைப் போல ஒருத்தியைக் கூப்பிட்டிருப்பீர்கள்.

அந்தப் படத்தைச் சரி பண்ணப் போன வீடுகளில், வேலையை மறந்து நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதும் உண்டு. அதில் சிலதை மட்டும் சொல்கிறேன்.

உலகம் தெரியுதே!

ஆ மோய் அக்கா சீனர். அவருடைய அப்பா ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால், அக்காவின் தமிழுக்கு முன்னால் என் தமிழ் நிற்காது. இப்போது ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறார். மகள்தான் என்னைக் கூப்பிட்டிருந்தாள். நான் உட்கார்ந்து, "பாருங்க, எல்லாப் பக்கமும் திறக்குது. லைன் நல்லாத்தான் இருக்கு. படம்தான் தப்பாக் காட்டுது. உருண்டைன்னா நெட் இல்லன்னு அர்த்தம், விசிறின்னா இருக்குன்னு அர்த்தம்" என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

பின்னால் உட்கார்ந்து முளைப்பயற்றின் வாலைக் கிள்ளிக்கொண்டிருந்த அக்கா, எழுந்து வந்து திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இத்தனை வருஷம் இதே படத்தை வைத்துப் பிழைக்கிற எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றாததை அவர் சொன்னார்: "ஏண்டி, நெட் இல்லன்னா உலகம்தானே தெரியாமப் போவணும்? இவன் உலகத்தையே காட்டிக்கிட்டு இல்லைங்கிறான், வெறும் விசிறியக் காட்டிக்கிட்டு இருக்குங்கிறான். படம் போட்டவன்தான் சாலா, தப்பாப் போட்டுட்டான்லா!"

நெற்றியில் இருந்தது

சுங்காயில், பழைய தோட்டத்து லைன் வீடுகளை இடித்துவிட்டுக் கட்டிய தாமானில், அந்தப் புதுக் குடியிருப்பில், சாந்தி அக்காவின் வீடு. பாமாயில் தரும் செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை பார்க்கிறவர். மகள் கவிதா தாதியர் படிப்பு முடித்தவள். கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையிலிருந்து அவளுக்கு வீடியோவில் நேர்முகத் தேர்வு வைத்திருந்தார்கள். அது ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கவிதாவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "அக்கா, உருண்டை வந்திருச்சு!" என்றாள். நான் ஈப்போவில் இருந்தேன். பறந்து போனாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன். திறந்தது. "அப்ப லைன் இருக்கு. எதையும் அணைக்காத, தொடாத. தைரியமாப் போய்ப் பேசு" என்றேன். "பேசிக்கிட்டு இருக்கும்போது போயிருச்சுன்னா?" என்றாள். போகாது என்று சொல்லிவிட்டு வைத்தேன். எனக்கே உள்ளுக்குள் பயம்தான்.

மத்தியானம் அங்கே போனேன். திரையின் கீழ் மூலையில் சிவப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் ஸ்டிக்கர் பொட்டு. திரும்பி சாந்தி அக்காவைப் பார்த்தேன். பொட்டில்லாமல் அவர் வாசலுக்கு வந்துகூட நான் பார்த்ததில்லை. அன்று நெற்றி வெறுமையாக இருந்தது.

நடந்ததைக் கவிதாதான் சொன்னாள். முதல் கேள்வி கேட்டதும் அவள் கண் அந்த மூலைக்கே போய்ப் போய் வந்ததாம். பேச்சு திக்கியதாம். கேமராவில் விழாமல் ஓரமாக உட்கார்ந்திருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார். தரையில் தவழ்ந்து மேசைக்கு அடியில் போய், தன் நெற்றிப் பொட்டை எடுத்து, அங்கிருந்து கையை மட்டும் மேலே நீட்டி அந்த உருண்டை மேல் ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகு மகள் நிமிர்ந்து பார்த்துப் பேசினாள். சில வாரம் கழித்து வேலையும் கிடைத்தது. அன்றைக்கு எனக்கு அங்கே பெரிய வேலை ஒன்றும் இல்லை. நெட்வொர்க் அமைப்பை ஒருமுறை அழித்துத் திரும்பப் போட்டேன், விசிறி வந்தது. பொட்டை உரிக்கலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். சாந்தி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்: "படத்தச் சரி பண்ணிட்டீங்கல்ல, போதும். பொட்ட எடுக்காதீங்கம்மா, அது அங்கயே இருக்கட்டும்."

கேட்டுக்கொண்டே இருப்பது

காதர் பாய் ஈப்போ பழைய டவுனில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். ரொட்டிக்கு மாவு பிசைவதிலிருந்து தேத்தண்ணி ஆற்றுவது வரைக்கும் தானே நின்று பார்ப்பார். எதையும் 'ஏன்' என்று கேட்காமல் விடமாட்டார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். லைன் இருக்கிறது, படமோ 'இல்லை' என்கிறது. பிள்ளைகள் கண்ட கண்ட பக்கத்துக்குப் போகாமல் இருக்க யாரோ போட்டுக் கொடுத்த ஒரு காவல் மென்பொருள்தான் காரணம் என்று கண்டுபிடித்தேன்.

"அது எப்படி அந்தப் படத்தக் கெடுக்கும்?" என்றார். விளக்கினேன். லைன் இருக்கிறதா என்று பார்க்க, கம்ப்யூட்டர் கடலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிற ஒரு மெஷினைக் கூப்பிட்டு, 'இருக்கியா?' என்று கேட்கும். 'இருக்கேன்' என்று பதில் வந்தால் விசிறியைப் போடும். இவர் வீட்டில் அந்த ஒரு பதிலை மட்டும் காவல்காரன் வாசலிலேயே நிறுத்திவிட்டான். மற்ற எல்லாம் வருகிறது, போகிறது. சொல்லும்போதுதான் எனக்கே அது உறைத்தது. நாம் கண் இமைப்பதற்குள் ஒரு கேள்வி கடலைத் தாண்டிப் போய்ப் பதிலோடு திரும்பி வருகிறது. அதை நாம் ஒரு நாளாவது நினைத்துப் பார்த்திருப்போமா?

"பதில் வரலன்னா என்னா செய்யும்?" என்றார் பாய்.

"திரும்பத் திரும்பக் கேக்கும் பாய். அப்பவும் வரலன்னா, லைனே இல்லன்னு முடிவு பண்ணி உருண்டையப் போட்டுரும்."

நான் அந்தப் பதிலுக்கு மட்டும் வழி திறந்துவிட்டேன், விசிறி வந்தது. அதைக் காட்டலாம் என்று திரும்பினால், அந்த நேரம் பக்கத்து சூராவில், சின்னப் பள்ளிவாசலில், பாங்கு சொன்னார்கள். பாய் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவு வரைக்கும் போனவர் நின்று சொன்னார்: "நானும் அஞ்சு வேளையும் கேக்குறேம்மா. பதில் என் காதுல விழலன்னு நான் என்னைக்காவது லைன் இல்லன்னு சொல்லியிருக்கேனா?"

பாட்டு வந்துகொண்டிருந்தது

பாகான் டத்தோவில், தென்னந்தோப்புக்கு நடுவில் ஒரு வீடு. ஜோசப் அண்ணனுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூப்பிட்டது அவர் மனைவி மேரி அக்கா. "காலையிலேர்ந்து நெட் இல்லம்மா. இவரு என்னடான்னா இருக்கு இருக்குன்னு சண்டைக்கு வராரு" என்றார். உள்ளே போனேன். ஸ்பீக்கரில் நாலைந்து குரல்கள் சேர்ந்து ஒரு தேவ கீதம் பாடிக்கொண்டிருந்தன. பினாங்கிலும் மதுரையிலும் கொழும்பிலும் இருக்கிற, கண் தெரியாத அவருடைய நண்பர்கள். ஆளுக்கு ஓர் ஊரிலிருந்து நெட்டில் ஒன்றுசேர்ந்து பாட்டுப் பயிற்சி செய்கிறார்கள். "நான் ரேடியோன்னுல்ல நெனச்சேன்!" என்றார் மேரி அக்கா.

திரையில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரே அண்ணனுக்கு வாசித்துச் சொல்கிறது. அது பேசிய வேகத்தில் ஒரு வார்த்தைகூட எனக்குப் பிடிபடவில்லை. அவர் விரல்கள் அதைவிட வேகமாக ஓடின. நான் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைச் சரிசெய்தேன். "ஆச்சு அண்ணே, இப்ப விசிறி வந்திருச்சு" என்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை: "வந்துச்சா? சந்தோசம். அவ பாத்துக்கிட்டே இல்லைங்கிறா, நான் பாக்காமயே பாடிக்கிட்டு இருக்கேன்லா!"

அசையாத முகம்

இதுவரை சொன்னது லைன் இருக்கும்போது இல்லை என்று சொன்ன படம். ஒரே ஒரு தடவை, லைன் செத்துக் கிடக்கும்போது இருக்கிறது என்று சாதித்த படத்தையும் பார்த்தேன். அது சித்தியவானில்.

முனியாண்டி அண்ணன் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தம்பி ராஜு ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். அம்மா இறந்த அன்று ஏதோ வார்த்தை தடித்து, இரண்டு பேருக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லை. தம்பிக்கு மறுநாள் இருதய ஆப்பரேஷன் என்று தெரிந்ததும் மகள் மலர்தான் அப்பாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, வீடியோவில் கூப்பிட்டுக் கொடுத்தாள். "இந்த விசிறி தெரியிற வரைக்கும் லைன் இருக்குப்பா" என்று காட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் ராஜுவின் மனைவி, அவளுடைய சித்தியிடமிருந்து அவளுக்குச் செய்தி வந்தது, பேச்சு பாதியில் அறுந்துவிட்டது என்று. அப்பாவைப் போனில் கூப்பிட்டால் எடுக்கவில்லை. நான் அன்று பக்கத்துத் தாமானில்தான் இருந்தேன். "கொஞ்சம் போய்ப் பாருங்கக்கா" என்றாள்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. நாற்காலியை நகர்த்தும்போது பட்டிருக்க வேண்டும், வெளியிலிருந்து வரும் ஒயர் பாதி கழன்று தொங்கியது. ஆனால் அது கடலுக்கு அந்தப் பக்கம் கேட்டுப் பார்க்காத பழைய கம்ப்யூட்டர்; மோடத்தோடு இணைப்பு இருந்ததால், மூலையில் விசிறி அப்படியே நின்றது. திரையில் தம்பியின் முகம் பாதிச் சிரிப்போடு அசையாமல் நின்றது. அதன் மேல் பொடி எழுத்தில் ஓடிய ஆங்கிலத்தை அண்ணன் கவனிக்கவில்லை. அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடா ராஜு. கோவத்துல வந்த வார்த்தை. ஒவ்வொரு தீவாளிக்கும் போன எடுப்பேன். ஒம் பேரு வரைக்கும் வந்து வெச்சிருவேன். நீ நல்லா இருக்கணும்டா. நாளைக்கு ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யார்கிட்டடா போய்..."

இரண்டு எட்டு வைத்து அந்த ஒயரை உடனே செருகியிருக்கலாம். என்னால் முடியவில்லை. கேட்கிறதற்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று எப்படிச் சொல்வது? அவர் பேசி முடிக்கட்டும் என்று நின்றேன். பேசி முடித்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அதற்குப் பிறகுதான் சத்தமில்லாமல் போய் ஒயரைத் தள்ளினேன். விளக்கு பச்சையானது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அழைப்பு வந்தது. நான் பட்டனைத் தட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் இப்போது அடிக்கடி பேசிக்கொள்கிறார்கள் என்று மலர் சொன்னாள். ஆனால் எனக்குக் கண்ணை விட்டுப் போகாதது அந்த நிமிஷம்தான். திரையில் முகம் அசைந்தது. "எங்கண்ணே போயிட்ட? லைன் கட்டாயிருச்சு, ஒண்ணுமே கேக்கல. என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தியே, என்னா?" என்றார் தம்பி. முனியாண்டி அண்ணன் திரையைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், பிறகு குரலைச் செருமிக்கொண்டு சொன்னார்: "ஒண்ணுமில்லடா. சாப்டியா?"

இவ்வளவையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், என் சொந்தக் கம்ப்யூட்டரில் பல நாளாக அதே உருண்டை உட்கார்ந்திருக்கிறது; எல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது என்பதால், அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.