தாமத வரிசையில் நாங்களும்

சிங்கப்பூரில், பிடோக் வட்டாரத்தில் இருந்த ஒரு பள்ளியிலிருந்து ஃபோன் வந்தபோது நான் அலுவலகத்தில் தனியாக இருந்தேன். லிட்டில் இந்தியாவில், கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்கு மேலே, குறுகலான மாடிப்படி ஏறினால் வரும் ஒற்றை அறைதான் எங்கள் அலுவலகம். பேசியவர் பள்ளியின் துணை முதல்வர். தமிழர். எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவார். அன்று தமிழில் ஆரம்பித்தார். விஷயம் சரியில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

"மேடம், உங்க பொண்ணு இன்னிக்குக் காலையில லேட்டா வந்த பிள்ளைங்களோட போய் நின்னுருக்கா. மொத்த ஸ்கூலும் பாத்துச்சு. நாங்க செய்றது தப்புன்னு அத்தனை பேர் முன்னாடியும் சொன்ன மாதிரி ஆயிடுச்சு."

பெண் என்று அவர் சொன்னது எங்கள் இளையர்களில் ஒருத்தியை. தொழிற்கல்வியோ பாலிடெக்னிக்கோ முடித்தவர்கள் எங்களிடம் ஒரு வருடம் சேவைக்கு வருவார்கள். அவர்களை அக்கம்பக்கப் பள்ளிகளுக்கு அனுப்புவோம். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பின்தங்கும் பிள்ளைக்குப் பக்கத்திலிருந்து உதவுவார்கள். இடைவேளையில் அவர்களோடு சாப்பிடுவார்கள். மாலையில் வீட்டுப்பாடம். மஞ்சள் சட்டை போட்டிருப்பார்கள், அதனால் எங்கே நின்றாலும் பளிச்சென்று தெரியும். அன்றைக்கும் தெரிந்தது.

இந்த அமைப்பை நடத்துவது இரண்டு பேர். ஒன்று நான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குமாஸ்தாக் குடும்பம், அரசாங்க அலுவலகத்தில் பல வருட வேலை, குரலை உயர்த்தாமல் காரியம் முடிக்கும் பழக்கம். இன்னொருவர் நான் தம்பி என்று அழைப்பவர். பூன் லேயில் வளர்ந்தவர், லிஃப்ட் டெக்னீஷியனாக இருந்து இதற்கு வந்தவர். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகாத விஷயங்கள் நிறைய. அவர் முதலில் பேசிவிட்டு யோசிப்பார். நான் யோசித்து யோசித்துக் கடைசியில் பேசாமலே விட்டுவிடுவேன்.

அந்தப் பள்ளியில் மணி அடித்த பிறகு வருகிறவர்கள் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், மற்ற எல்லாருக்கும் எதிரே, தனி வரிசையில் நிற்க வேண்டும். தேசிய கீதம், உறுதிமொழி, அறிவிப்புகள் எல்லாம் முடியும்வரை அங்கேதான் நிற்க வேண்டும். அன்று அந்த வரிசையில் உயர்நிலை முதலாம் வகுப்பில் படிக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளை அழுதுகொண்டு நின்றிருக்கிறாள். எங்கள் பெண் போய்ப் பக்கத்தில் நின்றுவிட்டாள். ஏன் என்று கேட்டபோது பெரிய விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அவள் அழுதுகொண்டு நின்றதைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான் என்றாள். மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்கிறேன், ஆனால் மறுபடி அழுதால் மறுபடியும் போய் நிற்பேன் என்றும் சொன்னாள்.

துணை முதல்வர் கேட்டதும் மன்னிப்பைத்தான். நாங்கள் இருவரும் காலையில் நேரில் வந்து, ஒழுங்கைக் கவனிக்கும் ஆசிரியரிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். எங்கள் நிர்வாகக் குழுவின் தலைவரும் அதையே சொன்னார். ஓய்வுபெற்ற வழக்கறிஞர், என் அப்பாவுக்குத் தெரிந்தவர்.

"ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது, பிள்ளை. ஒரு பள்ளிக்கூடம் கதவைச் சாத்தினா மற்றப் பள்ளிக்கூடமும் யோசிக்கும். உங்களுக்கு ஏன் இந்த வீம்பு?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. என்ன சொல்வது என்று மனதுக்குள் எழுதிப் பார்க்கக்கூடத் தொடங்கிவிட்டேன். தம்பிதான் ஒரு யோசனை சொன்னார். மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் அந்தப் பிள்ளை பள்ளிக்கு எப்படி வருகிறாள் என்று ஒருமுறை கூடவே போய்ப் பார்ப்போம் என்றார். எங்கள் பெண் அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் பேசிச் சம்மதம் வாங்கினாள்.

சந்திப்பு குறித்திருந்த அதே காலையில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் போய் நின்றோம். இன்னும் இருட்டு. பிள்ளை சீருடையில் இறங்கி வந்தாள். தோளில் அவள் பை, ஒரு கையில் அவள் கூடப்பிறந்த தம்பிப் பாப்பாவின் பை, இன்னொரு கையில் பாப்பா. அம்மா விமான நிலையத்தில் துப்புரவு வேலைக்கு விடியுமுன்பே போயிருந்தார். அப்பா அந்த வீட்டில் இல்லை. பாலர் பராமரிப்பு நிலையம் அடுத்த தெருவில். கதவு திறப்பதற்கு முன்பே நாங்கள் அங்கே போய்க் காத்திருந்தோம். திறந்ததும் காய்ச்சல் பார்த்தார்கள், செருப்பைக் கழற்ற வைத்தார்கள். பாப்பா அக்காவின் பாவாடையை விடமாட்டேன் என்று அழுதான். ஆசிரியை அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போனார். நாங்கள் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினோம். கண்ணுக்கு முன்னாலேயே பஸ் கிளம்பிப் போனது. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம்.

பஸ்ஸில் அவளிடம் கேட்டேன், இதைப் பள்ளியில் சொல்லலாமா என்று. வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"சொன்னா அம்மாவக் கூப்பிடுவாங்க, ஆன்ட்டி. அம்மா லீவு எடுத்தா அவங்க சூப்பர்வைசர் திட்டுவாங்க. ப்ளீஸ், சொல்லாதீங்க."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பள்ளி வாசலை அடைந்தபோது மணி அடித்து முடிந்திருந்தது. எங்கள் சந்திப்பு நேரமும் தாண்டிவிட்டது. அலுவலகம் இடது பக்கம். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நேராகக் கொடிக்கம்பத்தை நோக்கி நடந்தாள். தம்பி நின்றுவிட்டார்.

"அக்கா, நாமளும் லேட்டுதானே?"

அவர் கிண்டலாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. என் வாழ்நாளில் ஓர் ஆசிரியர்கூட என்னை எழுந்து நிற்கச் சொன்னதில்லை. கால்கள் அலுவலகப் பக்கம்தான் திரும்பின. ஆனால் பாப்பாவின் விரல்களைப் பிரித்த காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை. நடந்து போய் வரிசையில் நின்றேன். தம்பி எனக்கு அடுத்து. பிள்ளை நிமிர்ந்து பார்த்துவிட்டு அரை அடி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

எதிரே மொத்தப் பள்ளியும் நின்றது. எங்கோ சிரிப்பு கிளம்பி அடங்கியது. தேசிய கீதம் ஒலித்தது. நான் வாய்விட்டுப் பாடினேன். வேண்டுமென்றே சத்தமாக. கீதம் முடிந்ததும் துணை முதல்வர் வேகமாக வந்து, தணிந்த குரலில், சந்திப்பு அலுவலகத்தில் என்று நினைவூட்டினார்.

"தெரியும் சார். லேட்டாயிடுச்சு," என்றேன். "லேட்டா வந்தா இங்கதானே நிக்கணும்?"

உறுதிமொழியும் அறிவிப்புகளும் முடியும்வரை நின்றுவிட்டுத்தான் அவர் அறைக்குப் போனோம்.

அவர் கெட்டவர் இல்லை. இதை இப்போதும் சொல்வேன். புக்கிட் மேராவில் ஓர் அறை வீட்டில் வளர்ந்ததையும் ஒருநாள்கூடப் பள்ளிக்குத் தாமதமாகப் போகாததையும் சொன்னார். சாக்குச் சொல்லிப் பழகிய பிள்ளையை நாளைக்கு எந்த முதலாளியும் வைத்துக்கொள்ள மாட்டான் என்றார். கோபம் தணிந்த பிறகு, அவராகவே இறங்கி வந்தார்.

"சரி, அந்தப் பொண்ணுக்கு என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க. காரணம் நியாயமா இருந்தா நாளையிலருந்து அவளுக்கு மட்டும் விலக்கு குடுத்துடறேன். இதோட முடிச்சுக்கலாம்."

சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது. தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆச்சரியமாக, அன்று அவர் பேசவில்லை. நான்தான் பேசினேன்.

"காரணம் சொன்னாத்தான் விடுவீங்கன்னா, சொல்ல முடியாத பிள்ளை நின்னுக்கிட்டேதான் இருக்கும் சார். அவளுக்கு மட்டும் விலக்கு வேணாம். அந்த வரிசையே வேணாம்."

அப்படியானால் நீங்கள் இங்கே வர வேண்டியதில்லை என்றார். அந்தக் கல்விப் பருவம் முடிவதற்குள் எங்கள் மஞ்சள் சட்டைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டோம்.

நிர்வாகக் குழுவில் அன்று நடந்தது போன்ற கூட்டத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. இரண்டு பேர் போய் வரிசையில் நின்றது ஒருவகை ஆர்ப்பாட்டம், அனுமதியில்லாமல் செய்தால் இங்கே அது குற்றம் என்று யாராவது சொன்னால் என்ன செய்வீர்கள் என்று தலைவர் கேட்டார். ஆர்ப்பாட்டம் இல்லை, உண்மையிலேயே தாமதம் என்றார் தம்பி. குழு உறுப்பினர் ஒருவர் அங்கேயே பதவி விலகினார். இன்னும் தாமதமாகவில்லை, மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள் என்றார்கள். மாட்டேன் என்றேன். வேண்டுமானால் என்னை மாற்றிவிட்டு வேறு ஆளைப் போட்டு அனுப்பிக்கொள்ளுங்கள் என்றேன். அலுவலக வாழ்க்கையில் நான் சேர்த்துவைத்திருந்த பொறுமை முழுவதும் அன்றைக்குச் செலவாகிவிட்டது. அவர்கள் என்னை மாற்றவில்லை.

பள்ளிக்குள் போகக்கூடாது, அவ்வளவுதானே? தெரு எல்லாருக்கும் பொது. பராமரிப்பு நிலையத்தின் கதவு திறக்கும்வரை பாப்பாவோடு காத்திருந்து, உள்ளே விட்டுவிட்டு வர ஆள் இருந்தால் அக்கா நேரத்துக்குப் போய்விடுவாள். அதற்குப் பெற்றோர் சம்மதித்தால் போதும். பிள்ளையின் அம்மாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். எங்களை நிற்க வைத்தே விசாரித்தார்.

"ஓசியில இதெல்லாம் செய்றீங்களே, உங்களுக்கு இதுல என்ன இருக்கு?"

"ஸ்கூல்ல தொரத்திட்டாங்கக்கா," என்றார் தம்பி. "காலையில எங்களுக்கு வேற வேலை இல்ல."

அந்த அம்மா சிரித்துவிட்டார். பிறகுதான் உட்காரச் சொன்னார்.

வரிசையில் முதலில் போய் நின்ற எங்கள் பெண்ணே அந்தக் காலை வேலையை எடுத்துக்கொண்டாள். மெல்ல மெல்ல வேறு புளோக்குகளிலிருந்தும் கேட்டு வந்தார்கள். பாப்பாவுக்குக் காய்ச்சல் வரும் நாட்களில் அந்தப் பிள்ளை அப்போதும் தாமதமாகத்தான் போனாள், அப்போதும் நின்றாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அவள் இப்போது பெரியவள். எழுதலாம் என்று அவள் சொன்ன பிறகே இதை எழுதுகிறேன்.

துணை முதல்வரைப் பிறகு ஒருமுறை, தீபாவளிக்கு முந்தைய வாரம், சிராங்கூன் ரோட்டில் கூட்டத்துக்குள் பார்த்தேன். இரண்டு கையிலும் பைகள். அவராகவே நின்று பேசினார். தாமதமாக வருகிறவர்களை இப்போது கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவதில்லை, கேன்டீன் பக்கம் நிறுத்துகிறோம், யார் கண்ணிலும் படாது என்றார். நான் சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

"இன்னும் நிக்க வைக்கிறீங்கல்ல, சார்," என்றேன்.

தீபாவளி வாழ்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்தார். நானும் வாழ்த்துச் சொன்னேன். மனதார.

சென்ற மாதம் வேறொரு பள்ளி எங்களை அழைத்தது. அதன் முதல்வர் இந்தக் கதையைக் கேள்விப்பட்டிருந்தார். இங்கேயும் அப்படிச் செய்வீர்களா என்று நேராகவே கேட்டார். வரிசை இருந்தால் நிற்பேன் என்றேன். இரண்டு பேரும் நிற்போம் என்று தம்பி திருத்தினார். யோசித்துச் சொல்வதாக முதல்வர் சொன்னார்.

யோசிக்கட்டும்.