ஐந்தரைக் கட்டையில் ஒரு விசிறி

முதல் தடவை அந்தப் பரீட்சையில் நான் கோட்டைவிட்டதற்குக் காரணம் என் தொண்டை இல்லை, என் மடிக்கணினி. கற்பனாஸ்வரம் பாடிக்கொண்டிருந்தபோது அது கொதித்துப்போய்த் தானாகவே அணைந்துவிட்டது. திரும்ப எழுப்புவதற்குள் பரீட்சகர்கள் மூவரும் போய்விட்டார்கள். ‘பரீட்சைக்கு முழுமையாகத் தோற்றவில்லை’ என்று முடிவு வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சனியனைக் கிணற்றுக்குள் போட்டிருப்பேன். என் கணவர்தான் பறித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

வெளிநாட்டில் இருக்கிற ஒரு தமிழ் இசைச் சபை இணையத்தில் நடத்துகிற ஆசிரியர் தராதரப் பரீட்சை அது. எத்தனையோ வருடமாக அளவெட்டியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனாலும் அந்தத் தராதரம் இல்லாதபடியால் என் பிள்ளைகளை என் பெயரில் பரீட்சைக்கு அனுப்ப முடியாது. இன்னொரு ஆசிரியையின் பெயரில்தான் அனுப்பவேண்டும். கத்திக் கத்திச் சொல்லிக்கொடுக்கிறது நான், சான்றிதழில் கையெழுத்து அவருடையது. வயிறு எரியாமல் என்ன செய்யும்? சபையின் விதிப்படி இரண்டு தடவைதான் தோற்றலாம். இரண்டாவதும் போனால் முதலாம் தரத்திலிருந்து திரும்பத் தொடங்கவேண்டும். நாற்பத்தேழு வயதில், நான் படிப்பிக்கிற சின்னஞ்சிறுசுகளோடு வரிசையில் நின்று சரளி வரிசை ஒப்புவிக்க என்னால் முடியாது. செத்தாலும் முடியாது.

என் கணவர் நல்லூரில் ஒரு டியூசன் சென்டரில் கணிதம் படிப்பிக்கிறவர். ஒருநாள் பின்னேரம் மோட்டார் சைக்கிளில் தட்டையான பெட்டியொன்றைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கூலிங் பாட். கணினியை அதன்மேல் வைத்தால், அடியில் இருக்கிற விசிறி காற்றூதிச் சூட்டை எடுக்குமாம். பக்கத்தில் நாலு யூஎஸ்பி ஓட்டைகளும் இருந்தன. எங்களுக்கு அதுதான் பெரிய காரியம். எங்கள் பழைய கணினியில் ஒரேயொரு ஓட்டைதான் உயிரோடு இருந்தது. பரீட்சைக்கோ, நான் தாளம் போடுகிற கை தெரியத் தனிக் கமரா வேண்டும், இணையத்துக்கு டொங்கிள் வேண்டும்.

இரண்டு பேரும் மேசைக்கு முன்னால் இருந்து, சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறமாதிரி அதைப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தோம். வயர் நீளம் காணாது. ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததால் டொங்கிளைச் செருகினால் பக்கத்து ஓட்டை வீண். அடியில் ஒரு நீல வெளிச்சம், அதை அணைக்க வழியே இல்லை. யார் கேட்டது அந்த வெளிச்சத்தை? ஆனால் விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருந்தது, அது நல்லது. கணவர் கணினியின் சூட்டைக் காட்டுகிற எண்ணைத் திரையின் மூலையில் வரவைத்துவிட்டு, சக்கரத்தை முழுக்கத் திருப்பினார்.

“இஞ்சை பாரும், எவ்வளவு கெதியா இறங்குது எண்டு!”

எனக்கு எண் கண்ணில் படவில்லை. காதைப் பொத்திக்கொண்டேன்.

“இஞ்சேருங்கோ, இது அபசுரமாக் கத்துது.”

“விசிறி எண்டால் சத்தம் வரும்தானே?”

“சத்தம் வரட்டும். என்ரை சுருதிக்குக் கொஞ்சம் மேலை நிண்டு கத்துது. உதை வைச்சுக்கொண்டு நான் எப்பிடிப் பாடுறது?”

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “உலகத்திலை கூலிங் பாட்டுக்குச் சுருதி பாக்கிற ஒரே ஆள் நீர்தான்.”

சிரிக்கிறவருக்கு என்ன? என் குரலின் சுருதி ஐந்தரைக் கட்டை. என் சுருதிப்பெட்டி அதில்தான் ரீங்காரமிடும். பரீட்சையில் ஒலியை வடிகட்டக் கூடாது, அறையில் இருக்கிறது அப்படியே போகவேண்டும் என்பது விதி. சுருதிப்பெட்டி ஒன்று சொல்ல, விசிறி அதற்கு ஒரு மயிரிழை மேலே நின்று வேறொன்று சொன்னால், கேட்கிறவர்களுக்குப் பல்லுக் கூசும். பாடுகிற எனக்கு எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாது.

ஆகவே நான் என் வழியில் சோதித்தேன். டொங்கிளைச் செருகினால் விசிறியின் குரல் கொஞ்சம் இறங்கியது. கமராவையும் செருகினால் இன்னும் இறங்கியது. எல்லாவற்றுக்கும் ஒரே வயரால்தான் மின்சாரம் வருகிறது, பங்கு போடப் போட விசிறி களைக்கிறது என்றார் கணவர். சுருதிப்பெட்டியையும் அதில் செருகியபோது விசிறி முனகத் தொடங்கியது. அதனால் சுருதிப்பெட்டியைப் பிடுங்கிச் சுவரில் இருக்கிற பிளக்கில் கொடுத்தேன். பிறகு தம்புராவுக்குச் சுருதி சேர்க்கிறமாதிரி அந்தச் சக்கரத்தை மெல்ல மெல்லப் பின்னுக்குத் திருப்பிக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் விசிறியின் இரைச்சல் சுருதிப்பெட்டிக்குள் போய் மறைந்தது. மந்தர ஸ்தாயி ஷட்ஜம், என் கீழ் ‘ஸ’, அச்சொட்டாக. நெற்றியில் இருந்த ஒட்டுப்பொட்டை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினேன்.

“இந்த வேகம் காணாது,” என்றார் அவர். “எண் ஏறிக்கொண்டே போகுது, பாருமன். அரை மணித்தியாலம் தாங்கும். பரீட்சை முக்கால் மணித்தியாலம்.”

“முழு வேகத்திலை நான் பாடமாட்டன்.”

“அப்ப போனமுறை மாதிரி நடுவழியிலை நிக்கட்டும்! எனக்கென்ன?”

“ஓம், உங்களுக்கென்ன? பாடுறது நான்தானே!”

அன்று இரவு அவர் புட்டுக்குக் கறி காணாதென்றால்கூடக் கேட்காமல் சாப்பிட்டு எழும்பினார். மறுநாள் நானே இறங்கிப் போனேன். திரையில் எண் சிவப்பானால் சக்கரத்தை முழுக்கத் திருப்புவேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன்.

பரீட்சை நாள் வந்தது. பரீட்சகர்களுக்குக் காலை, எங்களுக்கு உச்சிவெயில். சத்தம் கேட்கும் என்று கூரையில் தொங்குகிற விசிறியை நிறுத்தியாயிற்று. பக்கத்து வீட்டு நாதஸ்வரக்காரரிடம் போய் மத்தியானம் மட்டும் வாசிக்காமல் இருக்கச் சொல்லிக் கெஞ்சியாயிற்று. அறைக்குள் என்னைத் தவிர எவரும் இருக்கக் கூடாது என்பதால் கணவர் முற்றத்தில், கணினிக்குப் பின்னால் இருக்கிற யன்னலுக்கு வெளியே, வெயிலில் நின்றார். எண் அவருக்குத் தெரியாது. என் முகம் மட்டும் தெரியும்.

திரையில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் இருந்தவர் நரைத்த கொண்டையும் கனத்த கண்ணாடியுமாக ஒரு அம்மா. போனமுறையும் அவர்தான். முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை.

“பிள்ளை, ஏதோ இரைச்சல் கேக்குது. விசிறியை நிப்பாட்டுங்கோ,” என்றார்.

“அம்மா, அது லப்ரொப்பின்ரை விசிறி. நிப்பாட்டினால் போனமுறை மாதிரி இது நிண்டிடும்.”

“சுருதியைத் தவிர வேறை சத்தம் இருக்கக் கூடாது. விதியிலை இருக்கு. புள்ளி குறையும்.”

“குறையட்டும், அம்மா.”

என் வாய் இருக்கிறதே! அவர் குனிந்து எதையோ எழுதினார். வர்ணம் பாடச் சொன்னார்கள், பாடினேன். கீர்த்தனை பாடினேன். கற்பனாஸ்வரம் வந்தபோது போனமுறை நின்றுபோன அதே இடத்தைத் தாண்டும்வரை மூச்சே சரியாக வரவில்லை. தாண்டிவிட்டேன். எண் ஏறிக்கொண்டிருந்தது, ஆனால் சிவக்கவில்லை.

“கடைசியா ராக ஆலாபனை. தோடி பாடுங்கோ,” என்றார் அந்த அம்மா.

தோடியைத் தொடங்கி இரண்டு மூச்சுப் பாடியிருப்பேன். சுருதிப்பெட்டி டப்பென்று நின்றது. சுவர்ப் பிளக்கில் இருந்த சிவப்புப் பொட்டு வெளிச்சமும் போய்விட்டது. கரண்ட் நின்றுவிட்டது. நாசமாய்ப் போக! வருடம் முழுக்க இருந்த கரண்ட் எனக்கென்று பார்த்துத்தான் போகவேண்டுமா?

கணினி அதன் பட்டரியில் ஓடியது. விசிறியும் டொங்கிளும் கமராவும் அதிலிருந்து இழுத்துக்கொண்டன, அதனால் மூவரும் திரையில் அப்படியே இருந்தார்கள். சுருதி மட்டும் இல்லை. சுருதி இல்லாமல் தோடியா? தோடியில் ஒவ்வொரு ஸ்வரமும் அசைந்துகொண்டே இருக்கும். பிடித்துக்கொள்ள ஷட்ஜம் இல்லாவிட்டால் பாடுகிறவர் தனக்கே தெரியாமல் மெல்ல மெல்ல இறங்கிவிடுவார். என் குரல் நடுங்கி நின்றது. அந்த நேரம் பார்த்துத் திரையின் மூலையில் எண் சிவப்பானது.

யன்னலுக்கு வெளியே கணவருக்கு என் முகமே போதுமாக இருந்தது. கையைத் தூக்கிச் சக்கரத்தைத் திருப்புகிறமாதிரி காட்டினார். ‘திருப்பும், திருப்பும்’ என்று வாய் அசைந்தது. சத்தியம் செய்துகொடுத்திருக்கிறேன். கை சக்கரத்துக்குப் போனது.

“கை வையாதேங்கோ!”

நடுவில் இருந்த அம்மாதான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காதைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்திருந்தார்.

“அந்த விசிறியிலை கை வையாதேங்கோ, பிள்ளை. அது உங்கடை ஷட்ஜத்திலைதானே நிக்குது? தொடக்கத்திலையிருந்து கேட்டுக்கொண்டு இருக்கிறன். நீங்கள் விரும்பினால் நிப்பாட்டலாம், நாங்கள் ஆலாபனையை விட்டிடுறம். இல்லையெண்டால் அதோடை பாடுங்கோ.”

ஆலாபனையை விட்டால் நான் தேறமாட்டேன். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். விட்டால் முதலாம் தரம், விடாமல் பாடி நடுவில் கணினி நின்றாலும் முதலாம் தரம். கையை எடுத்தேன். யன்னலைப் பார்க்கவில்லை, எண்ணையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அந்த விசிறித் தட்டுக்குக் கிட்டக் குனிந்து கேட்டேன். சுருதிப்பெட்டி இருந்தபோது மறைந்திருந்த இரைச்சல் இப்போது தனியாக, தெளிவாக, ஒரே இடத்தில் நின்றது. அதன்மேல் ஷட்ஜத்தை வைத்தேன்.

எவ்வளவு நேரம் பாடினேன் என்று தெரியாது. கணினியிலிருந்து அனல் என் முகத்தில் அடித்தது. எந்த நொடியும் கணினி நிற்கும், அதோடு எல்லாம் நிற்கும் என்று பயந்துகொண்டே பாடினேன். பயத்தில் தைவதம் கொஞ்சம் தடுமாறியது, பிடித்துக்கொண்டேன். மேல் ஸ்தாயிக்குப் போய், காந்தாரத்தைத் தொட்டு, திரும்ப இறங்கி வந்து ஷட்ஜத்தில் நீளமாக நின்றேன்.

நின்றுகொண்டிருக்கும்போதே கரண்ட் வந்தது. சுருதிப்பெட்டியை நான் அணைத்திருக்கவில்லை. அது தானாக எழும்பி ரீங்காரமிட்டது. என் குரலுக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. என் குரலும், விசிறியும், பெட்டியும் ஒன்றாகவே இருந்தன. மூச்சு முடியும்வரை அந்த ஷட்ஜத்தை விடவில்லை.

கண்ணைத் திறந்தேன். மூவரும் திரையில் இருந்தார்கள். எண் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. யன்னலுக்கு வெளியே கணவர் முற்றத்து மண்ணில் அப்படியே குந்திவிட்டார், அவருடைய தலை மட்டும்தான் தெரிந்தது.

“இனி மங்களம்தான் இருக்கு. சுருதிப்பெட்டி வந்திட்டுது. விசிறியை நிப்பாட்டலாமே, பிள்ளை?” என்றார் அந்த அம்மா.

எனக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“அது இருக்கட்டும், அம்மா. புள்ளி குறைஞ்சாலும் பரவாயில்லை.”

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, முதலில் எழுதிய எதையோ பேனையால் வெட்டினார்.

“இருக்கட்டும்,” என்றார். “அதுக்கும் சேத்துத்தான் புள்ளி போட்டிருக்கிறன்.”

நான் மூக்கை உறிஞ்சிவிட்டு மங்களத்தைத் தொடங்கினேன்.