குளோரோபாரம் சொட்டிய கை

அரியலூர் ஆஸ்பத்திரிக்கு நான் நர்ஸாகப் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், ஒரு ஆயா, நான். டாக்டர் நாலு வருஷம் பட்டாள ஆஸ்பத்திரியில் அறுவை வேலை பார்த்துவிட்டு வந்தவர். பேச்சு குறைவு. கையைக் கழுவும்போது மட்டும் ஏதாவது முணுமுணுப்பார்.

பிரசவ வலிக்கு அப்போது நாங்கள் எந்த மருந்தும் கொடுப்பதில்லை. முதுகைத் தேய்த்துவிடுவோம், வெந்நீர் ஒத்தடம் கொடுப்போம், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்வோம். குளோரோபாரம் பாட்டில் அலமாரியில் பூட்டியிருக்கும். மருந்துத் தட்டுப்பாடு இன்னும் தீரவில்லை. கட்டியைக் கீறும்போதும், முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டும்போதும், இடுக்கி போன்ற ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்கும்போதும்தான் அதைத் திறப்போம். பெரும்பாலும் கம்பவுண்டர்தான் கொடுப்பார். நான் அதுவரை மூன்று முறை கொடுத்திருந்தேன். மூன்றும் கால் மணி நேரத்தில் முடிந்த வேலைகள்.

மாசி மாதத்தில் ஒரு நாள், காலை எட்டு மணி இருக்கும். உடையார்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. உள்ளே வைக்கோல் பரப்பி, அதன் மேல் ஜமுக்காளம் விரித்து ஒரு பெண்ணைப் படுக்க வைத்திருந்தார்கள். என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவாக இருப்பாள். கூடவே கணவனும் மாமியாரும் வந்திருந்தார்கள். நிலபுலன் உள்ள குடும்பம். முந்தாநாள் சாயங்காலம் வலி எடுத்ததாம். ஊர் மருத்துவச்சி தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, இனி என்னால் ஆகாது என்று கையை விரித்துவிட்டாளாம்.

அந்தப் பெண்ணுக்குக் கத்தவும் தெம்பில்லை. வலி வரும்போது உதட்டைக் கடித்தாள். உதடு ஏற்கெனவே புண்ணாகியிருந்தது.

டாக்டர் பார்த்தார். வழி குறுகல், தலை இறங்கவில்லை. குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கிறது, ஆனால் தளர்ந்துகொண்டிருக்கிறது. திருச்சிக்கு அனுப்பலாம் என்றால் மதியம்தான் ரயில். அதுவரை தாங்காது என்றார். வெளியே போய்க் கணவனிடம், வயிற்றைத் திறந்துதான் குழந்தையை எடுக்க வேண்டும் என்று சொன்னார். மாமியார், கிழித்தால் பிழைப்பாளா என்று கேட்டார். அதை உறுதியாகச் சொல்ல முடியாது, கிழிக்காவிட்டால் பிழைக்க மாட்டாள் என்றார் டாக்டர். கணவன் கையெழுத்துப் போட்டான்.

கம்பவுண்டர் மருந்து வாங்கத் திருச்சிக்குப் போயிருந்தார். ஆயா கருவிகளை எடுத்துக் கொடுக்க வேண்டும், குழந்தையையும் வாங்க வேண்டும். ஆக, மயக்கம் கொடுக்க என்னை விட்டால் ஆளில்லை. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"குழந்தை வெளிய வர்ற வரைக்கும் குறைவாக் குடும்மா. நீ வயித்தப் பாக்கக் கூடாது. நான் கூப்பிட்டாலும் பாக்காத. அவ மூச்ச மட்டும் பாரு."

மேஜையில் அவளைப் படுக்க வைத்தோம். மருந்து பட்டுத் தோல் வெந்துவிடாமலிருக்க மூக்கைச் சுற்றியும் கன்னத்திலும் வாசலின் தடவினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பிச் சட்டத்தில் துணி கட்டிய மூடியை நான் கையில் எடுத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நர்ஸம்மா, எனக்கு இது ரெண்டாவது. மொதப் புள்ளையப்ப நோவு தாங்காம மயக்கமாயிட்டேன். முழிச்சுப் பாத்தா புள்ளைய எடுத்துட்டுப் போயிப் பொதைச்சுட்டாங்க. ஆணுன்னு சொன்னாங்க. மொகம் தெரியாது எனக்கு."

அடுத்த வலி வந்து பேச்சை நிறுத்தியது. அது போகும்வரை கையை விடவில்லை.

"இப்ப நீங்க தூங்க வைக்கப் போறீங்க. உசுரோட இருந்தாலும் இல்லாட்டியும் நான் பாக்காம குடுத்துராதீங்க."

கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். அந்த நேரத்தில் யார் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். மயக்கத்துக்குப் போகிறவள் பயப்படக் கூடாது, பயந்தால் மூச்சு தாறுமாறாகும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மூடியை மூக்கிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துச் சொட்டத் தொடங்கினேன். ஒரு சொட்டு, ஒரு மூச்சு, இன்னொரு சொட்டு. அந்தத் தித்திப்பு வாசனை அறை முழுக்கப் பரவியது. அவள் தலையை இரண்டு முறை திருப்பினாள். பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. இரண்டு நாளாகச் சுருங்கியே கிடந்த நெற்றி விரிந்தது. வலி இல்லாமல் அந்த முகம் எப்படி இருக்கும் என்பதை அப்போதுதான் பார்த்தேன். குழந்தை முகம் போலத்தான் இருந்தது.

டாக்டர் சொன்னபடி நான் வயிற்றைப் பார்க்கவில்லை. இடது கையால் தாடையைத் தூக்கிப் பிடித்து, ஒரு விரலைக் காதோரத் துடிப்பின் மேல் வைத்திருந்தேன். பாதியில் மூச்சு மெலிந்தது. சொட்டுவதை நிறுத்தினேன். அவள் நெஞ்சு மறுபடி ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆனது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

பிறகு "வாங்கிக்க" என்று டாக்டர் ஆயாவிடம் சொன்னது கேட்டது. அழுகைச் சத்தம் வரவில்லை. ஆயா உள்ளங்காலில் தட்டுவது கேட்டது. வெந்நீரிலும் குளிர்ந்த நீரிலுமாக முக்கி எடுக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு முறை, பூனைக்குட்டி போல, மெல்லிய குரல். திரும்பிப் பார்க்கவேண்டும் என்று கழுத்து துடித்தது. பார்க்கவில்லை. தையல் முடியும்வரை சொட்டிக்கொண்டும் மூச்சை எண்ணிக்கொண்டும் இருந்தேன்.

பெண் குழந்தை. ஒரு மணி நேரம் உயிரோடு இருந்தது. தாயை வார்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு நான் போய்ப் பார்த்தபோது ஆயா அதன் நெஞ்சின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் வந்தார். அழுது முடித்திருந்த முகம். குழந்தையைத் துணியில் சுற்றித் தரச் சொன்னார். வண்டியைப் பூட்டச் சொல்லிவிட்டாராம்.

"அவ கண்ணு முழிக்கிறதுக்குள்ள கொண்டு போயிடுறோம்மா. பாத்தான்னா தாங்க மாட்டா. வவுறு வேற கிழிஞ்சு கெடக்கு."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மருமகளின் நல்லதுக்கென்றுதான் சொன்னார். முதல் முறையும் அப்படித்தான் நினைத்திருப்பார். டாக்டர் வெளி நோயாளிகளைப் பார்க்கப் போயிருந்தார். கேட்க ஆளில்லை. கேட்டிருந்தால், குடும்பத்து விஷயத்தில் தலையிடாதே என்றும் சொல்லியிருக்கலாம். குழந்தையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு அவள் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன், அவள் பார்க்கும்வரை தர மாட்டேன் என்றேன். நீ பெற்றிருக்கிறாயா என்று மாமியார் கேட்டார். இல்லை என்றேன்.

கணவன் கதவருகில் நின்றிருந்தான். காலையிலிருந்து அவன் பேசி நான் கேட்கவில்லை.

"அவ பாக்கட்டும்மா" என்றான். "போன தடவ நாந்தான் தூக்கிட்டுப் போனேன். நாலு வருசமா மொகம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. எனக்குச் சொல்லத் தெரியல."

மாமியார் வெளியே போய் வண்டியை அவிழ்க்கச் சொன்னார்.

அவள் முழிக்க மதியம் தாண்டிவிட்டது. முதலில் வாந்தி எடுத்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தேன். ஏதோ உளறினாள், மறுபடி கண்ணை மூடினாள். அரைத் தூக்கத்தில் காட்டினால் அது பார்த்ததாகாது என்று நினைத்தேன். அவள் தன் ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லும்வரை காத்திருந்து, பெண் பிறந்தது, ஒரு மணி நேரம் இருந்தது, இப்போது இல்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் கையில் கொடுத்தேன்.

அவள் அழவில்லை. துணியை விலக்கினாள். மூடியிருந்த கையை விரித்துப் பார்த்தாள். காதைத் தொட்டாள்.

"எங்க அய்யாவோட காது" என்றாள்.

மயக்கம் தெளியத் தெளிய அவளுக்கு வயிற்று வலி ஏறியது. முகத்தில் வேர்வை பூத்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு மார்பியா ஊசி போடச் சொன்னார். நான் ஊசியோடு வந்தபோது கையை இழுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுத்துப் போடுங்க. இப்பத் தூங்கிட்டா மறந்துருவேன்."

வலிக்குமே என்றேன். தெரியும் என்று தலையை அசைத்தாள். தையல் போட்ட வயிற்றோடு, மூச்சைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரம் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசியைத் தட்டில் வைத்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன். வலியைத் தணிக்க வேண்டும் என்பதுதான் எனக்குக் கற்றுத் தந்த வேலை. அன்றைக்கு அதைச் செய்யாமல் நிற்பதும் வேலையாக இருந்தது. வெயில் சாயும் நேரத்தில் அவளே கணவனைக் கூப்பிட்டுக் குழந்தையைக் கொடுத்தாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள்.

மறுநாள் டாக்டரிடம் கேட்டேன். நான் கொடுத்த மருந்து குழந்தைக்கும் போயிருக்குமா, அதனால்தான் அழவில்லையா என்று. அவர் மழுப்பவில்லை.

"இருக்கலாம். ரெண்டு நாள் வலியில அது முன்னாடியே ஓஞ்சு போயிருந்துச்சு. எதனாலன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. தாய் பிழைச்சது உன் கையால. அதையும் சேத்து வச்சுக்க."

இரண்டையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

அடுத்த பிரசவம் வீட்டில் கூடாது, மாதம் முழுமையாவதற்கு முன்பே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

இரண்டு வருஷம் கழித்து என்னைப் பெரம்பலூருக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு நாள் கரியில் ஓடும் பஸ்ஸில் புகையும் தூசியுமாக அவள் கணவனோடு வந்து இறங்கினாள். ஏழு மாதம். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். இந்த முறையும் மயக்க மருந்து நான்தான் கொடுக்க வேண்டும் என்றாள். பெரம்பலூரில் அறுவை செய்ய வசதி கிடையாது. திருச்சிக்குத்தான் போக வேண்டும், அங்கே என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னேன். அவள் அரை மனதாகத்தான் கேட்டுக்கொண்டாள். பழைய டாக்டர் செய்த அறுவையின் விவரத்தையும், முதல் இரண்டு பிரசவங்களில் நடந்ததையும் ஒரு கடிதமாக எழுதி அவளிடம் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்துக் கணவன் மட்டும் வந்தான். பையன் பிறந்திருக்கிறான், இருவரும் நலம் என்றான். திருச்சியில் மூக்கில் மருந்து வைக்கவில்லையாம். முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்களாம். அவள் முழித்துக்கொண்டே இருந்து, பிறந்ததுமே பையன் முகத்தைப் பார்த்துவிட்டாளாம். ஆனால் பத்து நாள் தலையைத் தூக்க முடியாத தலைவலி. அந்த ஊசியினாலா என்று கேட்டான்.

அந்த ஊசியை நான் பார்த்ததில்லை. தெரியாது, டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று உள்ளே போனேன்.