பக்கத்தில் நின்றவன்

ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் நான் லைன் லீடர். சில வருடங்களுக்கு முன், தகடு அழுத்தும் பிரஸ்ஸில் ஒரு தொழிலாளியின் கை சிக்கி நசுங்கியது. அதை வெளியே இழுத்தவன் பக்கத்தில் நின்ற செல்வம், திருநெல்வேலிக்காரன். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாளே அவனை அதே பிரஸ்ஸில் நிறுத்தினேன். "பயம் தெளியணும்னா இங்கயேதான்டா நிக்கணும்" என்றேன். எங்கள் லைனில் எல்லாருக்கும் அதுதான் வைத்தியம். அவன் தூங்குவதில்லை, சாப்பாட்டைத் தொடுவதில்லை என்று அவனோடு ரூமில் தங்கியிருந்தவர்கள் சொன்னபோதும் நான் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, "அண்ணே, அவன் கை உள்ள கெடக்குண்ணே!" என்று அலறிக்கொண்டு, இறங்கும் பிரஸ்ஸுக்குள் தன் கையை விட்டான். உள்ளே வெறும் தகடுதான் இருந்தது. மெஷினை நிறுத்தும் சிவப்பு பட்டனை நான் அடித்ததால் கை தப்பியது.

அவனைக் கூட்டிப்போனபோது, மனநல மருத்துவர் என்னைத்தான் திட்டினார். "உங்களுக்கு அது முடிஞ்சுபோன விபத்து. அவருக்கு பிரஸ் இறங்குற ஒவ்வொரு தடவையும் நடக்குது. இது நோய்ங்க." மாத்திரையும், வாராவாரம் உட்கார வைத்துப் பேசும் சிகிச்சையும் கொடுத்தார். அந்தச் சத்தத்தை மறுபடி பழக்குவதும் உண்டாம். ஆனால் அவன் தாங்கும் அளவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக.

செல்வம் இப்போது ஸ்டோரில் இருக்கிறான். சேர்ந்து சாப்பிடும்போது டிபன் பாக்ஸ் மூடி கீழே விழுந்தால்கூட முதலில் என் கையைத்தான் பார்க்கிறான்.

இப்போதெல்லாம் அடிபட்டவனை ஆம்புலன்ஸில் ஏற்றியதும், பக்கத்தில் நின்றவன் யாரென்று தேடுகிறேன்.