அக்காவின் சிறுநீரகமும் சீந்தில் பொடியும்

மலேசியாவில், ஈப்போவில், நான் எந்நேரமும் முகக்கவசம் போட்டிருக்கிறேன். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நான் வேலை பார்க்கும் கடைக்கு ரொட்டி வாங்க வருகிறவர்கள் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வந்து பல வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டை இப்படிப் போட்டுக்கொண்டு தாண்ட முடியாது. நாலு பேர் என்ன நோய் என்று கேட்பார்கள். அடுத்த ஆள் மருந்தே சொல்லிவிடுவார்.

என் சிறுநீரகம் இரண்டும் கெட்டு ஊருக்குப் போனபோது மும்தாஜ் அக்கா ஒன்றைக் கொடுத்தாள். மதுரையில் வைத்தார்கள். தேறும்வரை அவள் வீட்டில்தான் இருந்தேன். பார்க்க வந்தவர்கள் ஒன்றையே சொன்னார்கள். "எதிர்ப்பு சக்தி ஏறணும் தம்பி." டாக்டர் சொன்னது நேர் எதிர். அதை அடக்கத்தான் தினமும் மாத்திரை. அக்கா தலையில் அது ஏறவில்லை. "ஒரே வயித்துல பெறந்த புள்ளைக. இதுல யாரு வேத்தாளு?" என்றாள். நான் கிளம்பும்போது வேலியில் கிடந்த சீந்தில் கொடியை அறுத்துக் காயவைத்து, தையல் போட்ட இடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இடித்தாள். பொடியைப் பாட்டிலில் அடைத்துக் கொடுத்தாள். இங்கே திரும்பி வந்து தினமும் தேனில் குழைத்துத் தின்றேன்.

ரத்தச் சோதனையில், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கிரியாட்டினின் ஏறியிருந்தது. இங்கே டாக்டர் மலாய்க்காரப் பெண். "உபாட் கம்போங் சாப்பிட்டீர்களா?" என்றார். நாட்டு மருந்து என்று அர்த்தம். இல்லை என்றேன். அது பொய் இல்லை. எங்கள் பக்கம் வீட்டில் இடித்துக் கொடுப்பதை யாரும் மருந்து என்பதில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஊசியால் சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் படம் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு செல்லும் தன் அடையாளத்தை வெளியே காட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் காவல் சுற்றும் டி செல் அதைத் தடவிப் பார்க்கும். வேற்றாள் என்று பட்டால் தாக்கும். அடிபட்ட சிறுநீரக செல் ஆபத்து என்று ரசாயனம் விடும். அடையாளத்தை இன்னும் கூடுதலாகக் காட்டும். அதற்கு இன்னும் டி செல்கள் வரும்.

"அதுவே ஆள் கூப்பிடுகிறதா?" என்றேன்.

"உதவிக்குக் கூப்பிடுகிறது. வருவது அடிக்கிறவர்கள்."

"கூடப்பிறந்த அக்காவுடையது."

"பாதிதான் பொருந்தியது."

இது போனால் போனதுதான். அக்காவிடம் கொடுக்க இன்னொன்று இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

என் பையை ஒழுங்குபடுத்திய நர்ஸ் பாட்டிலை எடுத்து, சமையல் பொடியா என்று கேட்டாள். எதிர்ப்பு சக்திக்கு என்றேன். டாக்டர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இதனால்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் தூங்கவைப்பதை இது எழுப்பக்கூடும். இனி தொடாதீர்கள்."

நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள். கிரியாட்டினின் இறங்கியது. பழைய அளவுக்கு வரவில்லை. கொஞ்சம் தழும்பு நிற்கும், சிறுநீரகம் தங்கும் என்றார் டாக்டர். அன்றைக்கு அக்கா போன் செய்தாள்.

"என்னடா, பொடி தீந்துருக்குமே. பக்கத்து வீட்டு சலீம் அங்கனதான் வாராப்ல. குடுத்துவிடவா?"

"வேணாங்க்கா. டாக்டர் வேணாம்னுட்டாக."

"பச்சக் கொடி, அது என்ன செய்யும்?"

"இங்கன சூட்டுக்கு ஒத்துக்கல."

"ரத்தத்துல எப்படி இருக்கு?"

"கொறஞ்சிருச்சு."

"அப்ப ஏறியிருந்திருக்கு."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. பிறகு, "என் சாமான் ஒழுங்கா வேல பாக்குதா? சும்மா கெடந்தா சொல்லு, திருப்பி வாங்கிக்கிறேன்" என்றாள்.

"பாக்குதுக்கா."

வீட்டுக்கு அனுப்பும் முன் ஸ்கேன் எடுத்தார்கள். மூன்று சிறுநீரகமும் திரையில் தெரிந்தன. என்னுடைய இரண்டும் முதுகுப்பக்கம், பிறந்த இடத்திலேயே சுருங்கிக் கிடக்கின்றன. ஒரு வேலையும் இல்லை. டி செல் அவற்றைத் தொடுவதில்லை. அக்காவுடையது அடிவயிற்றில், வலது ஓரமாக. வேலை முழுக்க அதுதான் பார்க்கிறது. மாத்திரை தவறினால் டி செல் அதைத்தான் பிடிக்கும்.