எறும்பு தைத்த தேர்ச்சீலை

கூலாய் ஊருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஆயாக் கொட்டகை ஒன்று உண்டு. பால்மரம் வெட்ட, அதாவது மரத்தைச் சீவி ரப்பர்ப் பால் இறக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அங்கே விட்டுப் போவார்கள். ஒரு நாள் தோட்டத்தை நடத்தும் துரை பிள்ளைகளை வெளியேற்றிவிட்டு ரப்பர் ஷீட்டை அடுக்கினார். ரப்பர் நனையக் கூடாதாம். பிள்ளைகளுக்கு மரத்தடி போதுமாம்!

அம்மா இரண்டு மரங்களுக்கு நடுவே தூளி கட்டித் தம்பியைப் போட்டுவிட்டு வேலை பார்த்தாள். செவ்வெறும்பு மொய்த்து அவன் முகமே வீங்கிவிட்டது. பெண்கள் திரண்டு போய்க் கொட்டகையைத் திருப்பிக் கேட்டார்கள். துரை காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இன்னொரு வாட்டி வாயத் தொறந்தீங்க, குடும்பத்தோட தோட்டத்த விட்டு வெரட்டிடுவேன்" என்றார் எங்களை வேலை வாங்கும் கங்காணி.

மாரியம்மன் திருவிழா வந்தது. தேரில் தொங்கவிடும் சீலையில் வண்ணத் துணிகளை வெட்டி வைத்து, கிளியும் யாளியுமாகப் பெண்கள் தைப்பது வழக்கம். அந்த வருடம் கிளியைக் காணோம். ரப்பர் மரம், தூளி, அழுகிற பிள்ளை, முதுகைக் காட்டி நிற்கும் ஒரு தொப்பிக்காரர். எறும்பு மட்டும் என் பங்கு. சிவப்பு நூலில் முடிச்சு முடிச்சாகத் தைத்துத் தள்ளினேன்.

"போதும்டி, புள்ளையையே தின்னுடும் போல" என்று அத்தை சிரித்தாள்.

சீலையைத் தேரில் கட்டிச் சூடம் காட்டிவிட்டால், தேர் நிலைக்குத் திரும்பும்வரை அவிழ்க்கக் கூடாது. அதனால் சூடம் காட்டிய பிறகுதான் அத்தை மடிப்பைப் பிரித்துவிட்டாள். கங்காணி பேயறைந்த மாதிரி நின்றார்.

"அவுத்துப் போடுய்யா!" என்று பூசாரியிடம் பாய்ந்தார்.

"நீங்களே கை வச்சுப் பாருங்க" என்றார் பூசாரி. கங்காணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வடம் தொட்டுக் கொடுக்கத் துரை வந்தார், பக்கத்துத் தோட்டத்துத் துரைமாரையும் கூட்டிக்கொண்டு. வந்தவர்கள் சீலையைப் பார்த்தார்கள். பிறகு எங்கள் துரையின் தொப்பியைப் பார்த்தார்கள். ஒருவர் அடக்க முடியாமல் சிரித்தேவிட்டார். எங்கள் துரையின் முகம் சிவந்துபோயிற்று.

"யார் தச்சது?"

"மாரியாத்தா கேட்டா, நாங்க தச்சோம் தொரே!" பெண்கள் அத்தனை பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

அடடா, என் எறும்பைச் சொல்ல மறந்துவிட்டார்களே! நான் முன்னால் ஓடி வாயைத் திறந்தேன். அத்தையின் கை என் வாயை இறுகப் பொத்தியது. மேளம் முழங்க, தேர் எங்கள் வீட்டு வரிசைகளை லயம் லயமாகச் சுற்றி வந்தது.

அந்த வாரமே ஷீட்டெல்லாம் வெளியே போனது, பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். கொட்டகை வாசலில் குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. எனக்கு எவ்வளவு ஆனந்தம்! ஆனாலும் அத்தையோடு மட்டும் பேசவில்லை. எறும்பு தைத்தது நான்தான் என்று துரைக்குத் தெரியாமலே போய்விட்டதே என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அவள் கை கொஞ்சம் விலகியிருந்தால் மறுநாளே நாங்கள் மூட்டை கட்டியிருப்போம் என்பது அந்த வயதில் எனக்கு எங்கே தெரிந்தது?