நான்காம் வகுப்புக் கையெழுத்து

1. சிவப்பு மை

2008 ஆகஸ்டில் நான் அல்லிநகரம் பக்கம் ஒரு பேங்க் கிளையில் லோன் செக்ஷன் ஆபீசர். கல்விக் கடன் சீசன். அந்த மாதத்தில் என்னிடம் யாரும் சிரித்த முகத்தை எதிர்பார்க்கக் கூடாது. சிடுமூஞ்சி மேடம் என்று கவுண்டரில் பேசிக்கொள்வது என் காதிலும் விழுந்திருக்கிறது. பேசட்டும்.

கடன் கேட்டு வரும் பிள்ளைகள் முதலில் ஒரு ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு சுற்று வட்டாரப் பேங்குகளுக்கெல்லாம் அலைய வேண்டும். ‘இவருக்கு எங்களிடம் பாக்கி இல்லை’ என்று ஒவ்வொரு கிளையும் சீல் வைக்க வேண்டும். நோ டியூ வாங்குவது என்போம். முருகேஸ்வரி அதை வாங்கி வந்தாள். மதுரையில் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. அப்பா கிடையாது, அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே பம்ப்செட்டில் கரண்ட் அடித்துப் போய்விட்டார். அம்மாவுக்குக் கூலி வேலை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஃபீஸ் கட்டாவிட்டால் சீட் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ஆறு கிளை சீல் வைத்திருந்தது. ஏழாவது, எங்கள் பேங்கின் சின்னமனூர் பக்கத்துக் கிளை, சிவப்பு மையில் எழுதியிருந்தது: ‘பயிர்க் கடன், வாராக் கடன்.’ கம்ப்யூட்டரில் கிரெடிட் ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன். அதே பெயர், அதே அப்பா பெயர், அதே ஊர். வயது மட்டும் இருபத்தொன்பது. எதிரே நின்ற பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

பெயர்க் குழப்பம்தான், ஃபைலை வரவழைத்தால் தெரிந்துவிடும் என்றேன். கொஞ்சம் கிண்டலாகவே சொன்னேன். எட்டு வருடம் முன்னால் நானும் அந்தக் கிளையில்தான் கிளார்க்காக இருந்தேன். அங்கே வேலை செய்கிற லட்சணம் எனக்குத் தெரியும் என்று நினைப்பு.

சனிக்கிழமை ஃபைல் வந்தது. அவளை எதிரே உட்கார வைத்துக்கொண்டே திறந்தேன். விண்ணப்பம் என் கையெழுத்தில் நிரப்பியிருந்தது. வயது என்ற இடத்தில் 21 என்று நான்தான் எழுதியிருந்தேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் பெரிய பெரிய எழுத்தில், கோடு தாண்டாமல், ‘மு. முருகேஸ்வரி’.

“இது நான் போட்டதுதான் மேடம். நாலாப்பு படிக்கிறப்ப. சித்தப்பா பேரெழுதிக் காட்டச் சொன்னாக. அழகா எழுதுனேன்னு பிஸ்கட் வாங்கிக் குடுத்தாக” என்றாள்.

2. மார்ச் மாதம்

இது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். சப்பைக்கட்டாகத் தோன்றினால் தோன்றட்டும்.

2000 மார்ச். பயிர்க் கடன் டார்கெட் பாதிகூட முடியவில்லை. மேனேஜர் ஃபாரங்களைக் கட்டுக் கட்டாக எடுத்து வைத்துவிட்டார். எழுதத் தெரியாத ஜனத்துக்கு நாங்களே நிரப்பிக் கொடுப்போம். அவர்கள் கைநாட்டோ கையெழுத்தோ எங்கள் கண் முன்னால் வைக்க வேண்டும், அதுதான் சட்டம். அந்த மாதம் மட்டும் பெண்களின் ஃபாரத்தை வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்றார் மேனேஜர். சரி என்று தலையாட்டினேன். கூட்டம் குறைகிறதே என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

முருகேஸ்வரியின் அப்பா போனபின் நிலம் மூத்த மகளான அவள் பெயருக்கு வந்திருந்தது. அதில் திராட்சைப் பந்தல் போட வேண்டும் என்று அவளுடைய சித்தப்பா வந்தார். அண்ணன் மகளுக்கு இருபத்தொரு வயது, பேங்குக்கு வரக் கூச்சப்படுகிறது என்றார். பட்டாவில் வயது இருக்காது. நான் எழுதிக்கொண்டேன். மறுநாள் கையெழுத்தோடு வந்தார்.

அது குழந்தைக் கையெழுத்து என்று உனக்குத் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். தெரிந்தது. ஆனால் அப்போது ஊர் ஊராக அறிவொளி வகுப்பு. நாற்பது வயதுப் பெண்களெல்லாம் புதிதாகப் பெயர் எழுதக் கற்றுக்கொண்டு, இதே மாதிரி பெரிய எழுத்தில், நோட்டைக் கிழிக்கிற மாதிரி அழுத்திப் போடுவார்கள். கைநாட்டு போய்க் கையெழுத்து வருகிறதே என்று எங்களுக்குப் பெருமை. இதுவும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். ‘பரவாயில்லையே, நல்லா எழுதுதே’ என்று அந்த ஆளிடம் பாராட்டியும் தொலைத்தேன்.

சித்தப்பா திருடர் இல்லை. பந்தலை அந்த நிலத்தில்தான் போட்டார். இரண்டு வெள்ளாமை சாம்பல் நோயில் போனது. மூன்றாம் வருடம் அவரும் மாரடைப்பில் போனார். நோட்டீஸ் எல்லாம் அவர் வீட்டு விலாசத்துக்கே போய்க்கொண்டிருந்தது. தன் மகள் பெயரில் கடன் இருப்பது முருகேஸ்வரியின் அம்மாவுக்கு அந்தச் சிவப்பு மையைப் பார்க்கும்வரை தெரியாது.

3. ஐந்து நாள்

மைனருக்குக் கொடுத்த கடன் செல்லாது. பெயரை ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிடலாம். அதற்கு, வயதைச் சரிபார்க்காமல் எழுதியது நான்தான் என்று நான் ஸ்டேட்மெண்ட் கொடுக்க வேண்டும். மண்டல அலுவலகம் அதைப் பார்த்து ஆர்டர் போட வேண்டும்.

அந்தக் கிளையின் புது மேனேஜர் போனில் நல்லவிதமாகத்தான் சொன்னார். “நீங்களா போய் ஏன் மேடம் தலையக் குடுக்குறீங்க? ரிட்டயர்மெண்டுக்கு ரெண்டு வருசம்தான இருக்கு? அந்தப் பிள்ளைய எங்கிட்டாவது பெரட்டிக் கட்டச் சொல்லுங்க, ஃபைல மூடிருவோம்.”

பென்ஷன் நின்றுவிடுமோ என்று பயம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஸ்டேட்மெண்டை எழுதிவிட்டேன். எழுதி, கைப்பையில் வைத்துக்கொண்டேன். திங்கள் கொடுக்கவில்லை. செவ்வாய் கொடுக்கவில்லை. அவள் தினமும் பத்து மணிக்கு வந்து பெஞ்சில் உட்காருவாள். எதுவும் கேட்க மாட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பேன். சரிங்க மேடம் என்று மத்தியானம் வரை இருந்துவிட்டுப் போவாள். புதன்கிழமை அவளிடம் எரிந்து விழுந்தேன். சும்மா சும்மா வந்து நிற்காதே என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வியாழக்கிழமைதான் கொடுத்தேன். கொடுத்ததும் ஃபேக்ஸில் போனது. வெள்ளிக்கிழமை தாண்டிவிட்டது. ஆர்டர் வர ஆறு வாரம் ஆனது. திங்கட்கிழமையே கொடுத்திருந்தால், ஃபீஸ் கெடுவைக் காட்டி அவசர ஆர்டர் கேட்டு வாங்கியிருக்கலாம். சீட் போய்விட்டது. முதல் வருட ஃபீஸை நான் என் கையிலிருந்து கட்டியிருக்கலாம். அந்த யோசனையே எனக்குக் கெடு முடிந்த மறுநாள், சனிக்கிழமைதான் வந்தது.

எனக்கு ஒரு இன்கிரிமெண்ட் வெட்டினார்கள். பென்ஷனில் யாரும் கை வைக்கவில்லை. அவ்வளவுதான். அதற்காகத்தான் அத்தனை பயம்.

4. தங்கச்சிக்கு ஒரு பேப்பர்

அவள் ஏலக்காய்த் தோட்டத்துக் கூலி வேலைக்கு ஜீப்பில் போய்க்கொண்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். நாலைந்து மாதம் கழித்து ஒருநாள் வந்தாள். தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தது.

“தங்கச்சி பேருல எங்கிட்டாவது ஏதும் கெடக்கான்னு பாத்துச் சொல்லுங்க மேடம். எட்டாப்பு படிக்குது.”

கம்ப்யூட்டரில் பார்த்தேன். நாலு கிளைக்குப் போன் போட்டேன். ஒன்றும் இல்லை. எழுதித் தரச் சொன்னாள். குழந்தை பெயரில் கடன் இல்லை என்று எழுத எங்களிடம் ஃபாரம் கிடையாது. வெள்ளைத் தாளில் எழுதி, சீல் வைத்துக் கொடுத்தேன்.

அதற்குமேல் தாங்கவில்லை. அந்த ஃபாரத்தை நிரப்பியது நான்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள், திட்டினால் தேவலை என்றிருந்தது.

“தெரியும் மேடம்” என்றாள். “ஃபைலத் தொறந்தப்பவே ஒங்க மொகம் செத்துப் போச்சு. நீங்க எழுதுனது, நீங்களே சரி பண்ணிருவீகன்னுதான் நான் வேற யாருகிட்டயும் போகல. கலெக்டர் ஆபீசுல மனு குடுப்போம்னு எங்கம்மா சொன்னாக. நாந்தான் வேண்டாம்னுட்டேன்.”

தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் வயதைச் சரிபார், கண் முன்னால் கையெழுத்து வாங்கு என்று எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது வேறு. தப்பு உங்களுடையது என்று தெரிந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வெளியே பெஞ்சில் ஒரு பிள்ளை உங்களை நம்பி உட்கார்ந்திருக்கும்.